நியூயார்க்: எண்கள் பேசும் தெருக்கள்!

எக்செல் ஷீட்டைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோணும்? எனக்குக் கொட்டாவிதான் வரும். இன்டர்னல் மார்க், அட்டெண்டன்ஸ் பர்சன்டேஜ், மெஸ் பில்... ஒரு இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்டை பயமுறுத்துற எல்லாமே வரிசையும் கட்டமுமாகத்தான் வந்து சேருது. அதே வரிசையையும் கட்டத்தையும் எடுத்து, 'இதுதாங்க ஆர்ட்' என்று ஒருத்தர் சுவரில் மாட்டினால்? 'வேற வேலை இல்லையா பாஸ்?' என்றுதானே கேட்போம்.

கேட்காதீங்க. அதைத் தேடித்தான் நான் நியூயார்க் நகரத்தில் பத்து நாள் சுத்தினேன். அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்குன்னு அம்மா பிளைட் ஏற, செமஸ்டர் லீவில் இருந்த நானும் 'துணைக்கு' ஒட்டிக்கிட்டேன். அக்கா, மாமா வீடு ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயர் பக்கம். அங்கே நியூவார்க் அவென்யூவில் நடந்தால் மளிகைக் கடை வாசலில் கறிவேப்பிலை வாசனை அடிக்கும். பாத் ரயிலில் ஏறினால், க்ரோவ் ஸ்ட்ரீட், எக்ஸ்சேஞ்ச் பிளேஸ்... ஆத்துக்கு அடியில் புகுந்து கால் மணி நேரத்தில் மன்ஹாட்டன்!

போறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு பாடம். 'கான்செப்சுவல் ஆர்ட்'னு ஒரு வகை இருக்கு. 1960-களில் சூடு பிடித்த சமாச்சாரம். இதில் படம் அழகாக இருக்கணும்கிற கட்டாயம் இல்லை. ஐடியாதான் ஹீரோ. ஒரு விதியை முடிவு பண்ணிட்டா, அந்த விதி எங்கே கொண்டு போய் விடுதோ அதுதான் படைப்பு. யோசிச்சுப் பார்த்தா நாம எழுதுற ப்ரோகிராமும் அப்படித்தானே! அதனாலேயோ என்னவோ, எண்களும் பட்டியல்களும் இந்த ஆர்ட்டிஸ்ட்டுகளுக்கு ரொம்பப் பிடிச்ச மூலப்பொருள்.

வாங்க, நடக்கலாம்.

வெண்கலத்தில் ஒரு அல்காரிதம்

பாத் ரயிலின் கடைசி ஸ்டேஷன் பேரே வேர்ல்ட் ட்ரேட் சென்டர். பெரிய வெள்ளைப் பறவை சிறகு விரிச்ச மாதிரி இருக்கிற அந்த ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து கொஞ்சம் நடந்தால், தண்ணீர் சத்தம் கேட்குது. 2001 செப்டம்பர் 11-ல் இடிந்து விழுந்த இரண்டு கோபுரங்களும் நின்ற அதே இடத்தில், இப்போது இரண்டு சதுரக் குளங்கள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். நாலு பக்கமும் 30 அடி ஆழத்துக்குத் தண்ணீர் அருவியாக விழுந்து, நடுவில் இருக்கிற இன்னொரு சதுரப் பள்ளத்துக்குள் மறைந்து போகுது. அந்தப் பள்ளத்தின் அடி நம் கண்ணுக்குத் தெரியாது. மைக்கேல் அராட், பீட்டர் வாக்கர் வடிவமைத்த நினைவிடம் இது. 2011-ல் திறந்தார்கள்.

குளத்தைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு வெண்கலச் சுவர். அதில் 2,983 பேரின் பெயர்கள். 2001-ல் இறந்த 2,977 பேர், அதே இடத்தில் 1993 பிப்ரவரியில் நடந்த குண்டுவெடிப்பில் இறந்த 6 பேர். எழுத்துக்களை மேலே பொறிக்காமல், வெண்கலத்தைத் துளைத்து வெட்டி எடுத்திருக்காங்க. ராத்திரியில் உள்ளேயிருந்து வெளிச்சம் வரும். அம்மா ஒரு பெயருக்குள் விரலை விட்டுப் பார்த்தாங்க. "உள்ள சில்லுன்னு இருக்குடி" என்றாங்க.

அப்புறம் அம்மா கேட்டதுதான் கேள்வி. "ஏண்டி, இது ஏ, பி, சி, டி வரிசையிலயும் இல்லையே? இந்தப் பேரு ஏன் அந்தப் பேரு பக்கத்துல இருக்கு?"

இந்த ஊரில் நான் பார்க்க வந்ததே அந்த ஒரு கேள்விக்கான பதிலைத்தான்.

முதல் திட்டத்தில் பெயர்களை எந்த வரிசையும் இல்லாமல் கலைத்துப் போடுவதாக இருந்தது. மரணம் அப்படித்தானே வந்தது என்பது வாதம். குடும்பங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அகர வரிசை வைத்தால்? ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்கள் ஒரு இடத்தில் குவிவார்கள், ஒன்றாக வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு மூலையில் போவார்கள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். முதலில் ஒன்பது பிரிவு: வடக்குக் கோபுரம், தெற்குக் கோபுரம், நாலு விமானங்கள், பென்டகன், மீட்புப் படையினர், 1993. அந்தப் பிரிவுக்குள் யார் பக்கத்தில் யார் இருக்கணும்னு குடும்பத்தாரையே கேட்பது.

கேட்டார்கள். 1,200-க்கும் மேற்பட்ட கோரிக்கைகள் வந்தன. 'என் அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் அவன் ஃப்ரெண்ட் பெயர்', 'இவங்க ரெண்டு பேரும் ஒரே டேபிளில் உட்கார்ந்து வேலை பார்த்தவங்க' என்கிற மாதிரி. ஒரே ஒரு நிதி நிறுவனம் மட்டும் 658 ஊழியர்களை இழந்திருந்தது. அவர்களுக்குள் எத்தனை நட்பு, எத்தனை உறவு இருந்திருக்கும்!

இப்போ இதை நம்ம பாஷையில் சொல்றேன். 2,983 முனைகள். 1,200 கோடுகள். 'ஏ-க்குப் பக்கத்தில் பி, பி-க்குப் பக்கத்தில் சி, ஆனால் ஏ வேறு பிரிவு' என்கிற மாதிரி சிக்கல்கள். ஒவ்வொரு பெயருக்கும் நீளம் வேற. குளத்துக்கு 76 பலகைகள். பலகைகளின் இணைப்பு இருக்கு, மூலை இருக்கு. கோரிக்கையும் நிறைவேறணும், பார்வைக்கும் ஒழுங்கா இருக்கணும். டிஸ்க்ரீட் மேத்ஸில் கிராஃப் தியரி நடத்தும்போது 'இது எதுக்கு சார் உதவும்?' என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வருமே, அதுக்கு பதில் இங்கே வெண்கலத்தில் இருக்கு.

ஜெர் தார்ப் என்கிற டேட்டா ஆர்ட்டிஸ்ட், லோக்கல் ப்ராஜெக்ட்ஸ் என்கிற டிசைன் நிறுவனத்தோடு சேர்ந்து இதற்காக ஒரு ப்ரோகிராம் எழுதினார். முதல் கட்டத்தில் அது கோரிக்கைகளை வைத்துப் பெயர்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்க்கும். அடுத்த கட்டத்தில் அந்தக் கொத்துகளைப் பலகைகளில் இடம் பார்த்து அடுக்கும். ஆனால், கம்ப்யூட்டர் சொன்னதை அப்படியே வெட்டிவிடவில்லை. அதை எடுத்துக்கொண்டு அராட்டின் குழு கையால் மறுபடி மறுபடி நகர்த்திப் பார்த்தது. அல்காரிதம் பாதி, மனுஷன் பாதி.

ஒரு கோரிக்கை எனக்கு ரொம்ப நெருக்கமானது. ஒரு பெண்ணின் அப்பா, வடக்குக் கோபுரத்தில் மோதிய விமானத்தில் இருந்தார். அவளுடைய கல்லூரித் தோழி அதே கோபுரத்தில் வேலை பார்த்தாள். பிரிவுப்படி பார்த்தால் அப்பா ஒரு பக்கம், தோழி ஒரு பக்கம். விமானப் பிரிவு முடிந்து கோபுரப் பிரிவு தொடங்குகிற எல்லையில் அந்த இரண்டு பெயர்களும் அடுத்தடுத்து வருகிற மாதிரி வைத்தார்கள். அந்தப் பெண் ஒரே இடத்தில் நின்று இரண்டு பேரையும் பார்க்கலாம்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாங்க. அப்புறம், "நம்ம ஊர்ல கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது யார் பேரு யார் பக்கத்துலன்னு சண்டை போடுவோம். இங்க சாவுக்குக் கேட்டிருக்காங்க" என்றாங்க. மூணு வருஷம் கிராஃப் தியரி படிச்சாலும் எனக்கு இந்த வரி வந்திருக்காது!

இதில் முக்கியமான விஷயம், காரணம் எங்கேயுமே எழுதப்படவில்லை. வயசு இல்லை, பதவி இல்லை, கம்பெனி பெயர் இல்லை. விமான எண்ணும் மீட்புப் படையின் யூனிட் பெயரும்தான் உண்டு. பார்க்கிற நமக்கு அது வெறும் பெயர் வரிசை. தெரிந்தவர்களுக்கு மட்டும் அது ஒரு கடிதம். சில பெயர்களோடு 'அவருடைய பிறக்காத குழந்தையும்' என்கிற பொருளில் ஒரு வரி சேர்த்திருக்காங்க. அக்கா குழந்தையை முதுகில் தட்டித் தூங்க வைத்துவிட்டு வந்திருந்த அம்மா, அந்த இடத்தை விட்டு நகர ரொம்ப நேரம் ஆச்சு.

நியூயார்க்கில் இறந்தவர்களில் சுமார் 1,100 பேரின் உடல் எச்சங்கள் இன்னும் அடையாளம் காணப்படவில்லை. அந்தக் குடும்பங்களுக்குத் தொட்டுப் பார்க்க இருப்பது இந்த எழுத்துக்கள்தான்.

வெளியே வரும் வழியில் ஒரு புல்வெளிப் பாதை. ஆறு பெரிய கற்கள் தரையைக் கிழித்துக்கொண்டு எழுந்த மாதிரி சாய்ந்து நிற்குது. 2019 மே மாதம் திறந்தது. இடிபாட்டுத் தூசியைச் சுவாசித்ததால் பின்னாடி நோயாளி ஆனவர்களுக்கும், இறந்தவர்களுக்குமான நினைவிடம். அதில் பெயர்களே இல்லை. அந்தத் தூசியால் வருகிற மரணங்கள் இன்னும் நிற்கவில்லையே! முடிந்துபோன பட்டியலுக்கு வெண்கலம், முடியாத பட்டியலுக்கு வெறும் கல் என்று எனக்குப் பட்டது.

சுவரில் ஏறிய சொத்துப் பத்திரம்

அடுத்த நாள் மாமாவோடு லோயர் ஈஸ்ட் சைட். செங்கல் கட்டடங்கள், முகப்பில் இசட் வடிவத்தில் இறங்குகிற இரும்பு ஏணிகள். சினிமாவில் ஹீரோ தப்பிச்சு ஓடுவாரே, அதே ஏணி! இன்னிக்கு இந்த ஏரியா காபி ஷாப்பும் போட்டிக்குமாக பளபளக்குது. ஒரு காலத்தில் வந்தேறிகளும் ஏழைகளும் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்புகள்.

ஹான்ஸ் ஹாக்கே என்று ஒரு ஆர்ட்டிஸ்ட். ஜெர்மனியில் பிறந்து நியூயார்க்கில் குடியேறியவர். 1971-ல் இவர் ஒரு காரியம் பண்ணினார். இந்தத் தெருக்களிலும் ஹார்லெம் பகுதியிலும், ஒரே ஒரு குழுமத்தின் பிடியில் இருந்த கட்டடங்களையும் காலி மனைகளையும் தேடித் தேடி, தெருவில் நின்று நேராகப் போட்டோ எடுத்தார். மொத்தம் 142 படங்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் டைப் அடித்த ஒரு சீட்டு: முகவரி, மனை எண், அளவு, யார் பெயரில் இருக்கு, எப்போது வாங்கியது, அடமானம் எவ்வளவு, வரி மதிப்பு எவ்வளவு. கூடவே வரைபடங்கள், எந்த சொத்து எந்த கம்பெனி பெயரிலிருந்து எந்த கம்பெனி பெயருக்குக் கைமாறியது என்கிற அட்டவணைகள். அவ்வளவுதான். 'ஷபோல்ஸ்கி மற்றும் சிலர்' என்று தொடங்குகிற நீளமான தலைப்பு.

இதில் ரகசியம் எதுவும் இல்லை. எல்லாமே அரசு அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கக்கூடிய பதிவுகள். நம்ம ஊரில் வில்லங்கச் சான்று வாங்குற மாதிரி. ஹாக்கே அதில் ஒரு திட்டு சேர்க்கவில்லை, 'அநியாயம்' என்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு பழைய கட்டடம், ஒரு புதுக் கம்பெனிப் பெயர். 142-ஐயும் ஒரே சுவரில் வரிசையாக வைத்தால்தான் அத்தனை பெயர்களுக்குப் பின்னாலும் ஒரே முகம் இருப்பது தெரியும்.

குகன்ஹெய்ம் மியூசியத்தில் அவருக்குத் தனிக் கண்காட்சி ஏற்பாடாகியிருந்தது. திறக்க ஆறு வாரம் இருக்கும்போது, இயக்குநர் தாமஸ் மெஸ்ஸர் அதை ரத்து செய்தார். இந்த மாதிரி விஷயத்துக்கு மியூசியத்தில் இடமில்லை என்பது அவர் நிலை. ஹாக்கே பக்கம் நின்ற க்யூரேட்டர் எட்வர்ட் ஃப்ரையின் வேலையும் போச்சு. மியூசியத்தின் அறங்காவலர்களுக்கும் அந்தக் கட்டடங்களுக்கும் தொடர்பு இருக்குமோ என்று அப்போது பேச்சு கிளம்பியது. அப்படி எதுவும் நிரூபிக்கப்படவில்லை.

அதுக்கு முந்தின வருஷம் மாடர்ன் ஆர்ட் மியூசியத்தில் இவர் பண்ணினது இன்னும் சுவாரஸ்யம். கண்ணாடி மாதிரி தெரிகிற இரண்டு வாக்குப் பெட்டிகள். 'நிக்சனின் இந்தோசீனக் கொள்கையை கவர்னர் ராக்ஃபெல்லர் கண்டிக்கவில்லை. நவம்பரில் அவருக்கு ஓட்டுப் போடாமலிருக்க அது ஒரு காரணமாகுமா?' என்கிற ரீதியில் ஒரு கேள்வி. அந்த ராக்ஃபெல்லர் குடும்பம் அதே மியூசியத்தின் தூண்களில் ஒன்று! ஆமாம் பெட்டி, இல்லை பெட்டியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் நிரம்பியது. ஓட்டு ஏற ஏற எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சர்வே என்பது அறிக்கையில் வருகிற பை சார்ட் என்றுதானே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க?

தெருமுனையில் நின்று மாமா சொன்னார்: "ஆபீஸ்ல நாங்க நாள் பூரா டாஷ்போர்டுதான் பண்றோம். யாரும் இதுவரைக்கும் ரத்து பண்ணலை. அப்ப நாங்க ஒண்ணும் உருப்படியா சொல்லலைன்னு அர்த்தமோ?" சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்கு சிரிப்பு வரலை. அலமாரிக்குள் தூங்குகிற வரை அது தகவல். பத்துப் பேர் ஒரே நேரத்தில் நின்று பார்க்கிற சுவருக்கு வந்ததும் அது குற்றச்சாட்டு. எண் மாறவே இல்லை, இடம்தான் மாறுச்சு. அந்தப் படைப்பு இன்று நியூயார்க்கின் விட்னி மியூசியம் சேகரிப்பில் இருக்கு என்பது இதில் ஒரு ட்விஸ்ட்!

8,500 கைகுலுக்கல்

ஏழாம் நம்பர் சப்வே ரயில் க்வீன்ஸுக்குள் நுழைந்ததும் தரைக்கு மேலே ஏறிடும். ஜன்னல் சீட் கிடைச்சா யோகம். ஃப்ளஷிங் மெடோஸ் பூங்காவில் இருக்கு க்வீன்ஸ் மியூசியம். உள்ளே போனால் 'பனோரமா'! 1964 உலகக் கண்காட்சிக்காகச் செய்த, முழு நியூயார்க் நகரத்தின் மாதிரி. 9,335 சதுர அடி. அசலில் 1,200 அடி, இங்கே ஒரு அடி. கிட்டத்தட்ட 8,95,000 கட்டடங்கள். சுத்தி நடக்கிற மேடையிலிருந்து பார்த்தால், விமானம் தரையிறங்கும்போது தெரிகிற நகரம். வீடு வீடாக எண்ணிச் செய்த ஒரு ஜனத்தொகைக் கணக்கு மாதிரி இருக்கு, ஆனால் ஒரு மனுஷன்கூட இல்லை.

மனுஷனை எண்ணியவர் மீர்லே லேடர்மன் யூக்லிஸ். 1969-ல் குழந்தை பெற்றபின் நாள் முழுக்கத் துடைத்துக் கழுவிக்கொண்டிருந்த இவர், 'இந்தப் பராமரிப்பு வேலையே என் ஆர்ட்' என்று அறிக்கை எழுதினார். 1976-ல் ஒரு அலுவலகக் கட்டடத்தின் 300 பராமரிப்புத் தொழிலாளர்களோடு சேர்ந்து ஒரு படைப்பு செய்தார். நகராட்சியே பணமில்லாமல் தத்தளித்த நேரம் அது. 'துப்புரவுத் துறையும் தன் வேலையை ஆர்ட் என்று சொல்லி அரசு மானியம் கேட்கலாமே' என்று ஒரு விமர்சகர் கிண்டலடித்தார். யூக்லிஸ் கோபப்படவில்லை. அந்தக் கட்டுரையை வெட்டித் துப்புரவுத் துறைக்கே அனுப்பிட்டார்! அங்கே கூப்பிட்டுப் பேசினார்கள். 1977 முதல் அவர் அந்தத் துறையின் சம்பளமில்லாத ஆர்ட்டிஸ்ட்.

துறையில் அப்போது சுமார் 8,500 துப்புரவுத் தொழிலாளர்கள், 59 மாவட்டங்கள். யூக்லிஸின் விதி ரொம்ப சிம்பிள்: ஒருத்தர் விடாமல் எல்லாரையும் பார்ப்பது, கைகுலுக்குவது, 'நியூயார்க்கை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி' என்று சொல்வது. 1979 ஜூலையில் தொடங்கி 11 மாதம். அவர்கள் ஷிஃப்ட்டுதான் அவருக்கும் ஷிஃப்ட்.

நம்ம லேபில் 8,500 வரி டேட்டா வந்தால் என்ன பண்ணுவோம்? சராசரி எடுப்போம், ஒரு ஹிஸ்டோகிராம் போடுவோம், சாப்பிடப் போயிடுவோம். இவர் ஒவ்வொரு வரியையும் நேரில் போய்ப் பார்த்தார். தொழிலாளர்களிடம் 'மக்கள் உங்களை என்ன பேர் சொல்லித் திட்டுவாங்க?' என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு 1984-ல் அந்த வசவுகளைக் கண்ணாடியில் எழுதி வைத்து, ஊரார் கையாலேயே கழுவித் துடைக்க வைத்தார். எனக்கு இந்தப் பத்து நாளில் பிடிச்ச டேட்டா கலெக்ஷன் இதுதான். பிடிச்ச டேட்டா க்ளீனிங்கும் இதுதான்!

அன்னிக்கு மதியச் சாப்பாடு அதே ரயிலின் கடைசி ஸ்டாப்பான மெயின் ஸ்ட்ரீட்டில் இறங்கி, ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில். 1977-ல் கும்பாபிஷேகம் நடந்த கோயில். அதன் கேன்டீன் தோசைக்கு நியூயார்க் பூரா ரசிகர்கள் உண்டு. மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தவருக்கு அம்மா "தேங்க்ஸ்ப்பா" என்றாங்க. யூக்லிஸ் கதையை ரயிலில் சொல்லிக்கொண்டு வந்ததன் விளைவு.

பெரிய திரையும் ஒரு தபால் அட்டையும்

மன்ஹாட்டன் 53-ம் தெருவில் மாடர்ன் ஆர்ட் மியூசியம். சுருக்கமாக மோமா. 2022 நவம்பரில் இங்கே கீழ்த்தள ஹாலில் ஒரு ராட்சசத் திரை வைத்தார்கள். ரெஃபிக் அனடோல் செய்த 'அன்சூப்பர்வைஸ்டு'. மியூசியத்தின் 200 வருஷ சேகரிப்பு பற்றிய தரவுகளை ஏ.ஐ.-க்குத் தின்னக் கொடுத்து, அது 'கனவு காணும்' உருவங்களை ஓடவிட்டார். வெளியே வானிலை மாறினால் திரையும் மாறும். கூட்டம் அள்ளியது. அது மியூசியத்தின் சேகரிப்பிலும் சேர்ந்துவிட்டது. ஒரு பிரபல விமர்சகர் மட்டும், 'காஸ்ட்லி ஸ்க்ரீன் சேவர்' என்கிற தினுசில் வாரினார். வீடியோவில் பார்த்தபோது எனக்கும் 'செம' என்றுதான் தோணுச்சு. ஆனால், ஓடி முடிந்த பிறகு ஒரு படத்தைக்கூட ஞாபகம் வச்சுக்க முடியலை.

அதே மோமா சேகரிப்பில் இன்னொன்று இருக்கு: 'டியர் டேட்டா'. நியூயார்க்கில் இருந்த இத்தாலியப் பெண் ஜார்ஜியா லூபி, லண்டனில் இருந்த அமெரிக்கப் பெண் ஸ்டெஃபனி போஸவெக். அவ்வளவாகப் பழக்கம் இல்லாத இருவரும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். 52 வாரம். ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்றை எண்ணுவது: கடிகாரம் பார்த்த தடவைகள், சொன்ன நன்றிகள், புலம்பல்கள், சிரிப்புகள், விடைபெறல்கள். அதைக் கலர் பேனாவில் தபால் அட்டையில் வரைந்து, பின்பக்கம் எப்படிப் படிக்கணும்னு குறிப்பு எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புவது. அவ்ளோதான் டெக்னாலஜி! வருஷம் முடியும்போது அவர்கள் நெருங்கிய தோழிகள்.

ஆன் கவாரா இவர்கள் எல்லாருக்கும் சீனியர். 1966 ஜனவரி 4-ம் தேதி, நியூயார்க்கில், ஒற்றை நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் அன்றைய தேதியை மட்டும் வரைந்தார். அப்புறம் 2014-ல் சாகும் வரை கிட்டத்தட்ட 3,000 தேதிகள். விதி என்ன தெரியுமா? ராத்திரி 12 மணிக்குள் முடியாவிட்டால் அந்தப் படம் அழிக்கப்படும். எந்த ஊரில் இருக்காரோ அந்த ஊர் மொழியில் தேதி. ரோமன் எழுத்து இல்லாத நாடு என்றால் எஸ்பெராண்டோ. மெரினாவில் உட்கார்ந்து வரைந்திருந்தாலும் எஸ்பெராண்டோதான்! தன் வாழ்க்கைக் குறிப்பில்கூட வயதைச் சொல்லமாட்டார், வாழ்ந்த நாட்களின் எண்ணிக்கையைத்தான் போடுவார். கடைசி எண் 29,771.

இந்தத் திரைக்கும் அட்டைக்கும் தேதிக்கும் என்ன வித்தியாசம்? டேட்டா எவ்வளவு என்பது இல்லை. அட்டைக்கு மறுமுனையில் ஒரு ஆள் காத்திருக்கிறார். தேதிக்குப் பின்னால் ஒரு ஆள் இன்னும் மூச்சு விடுகிறார். திரையில் லட்சக்கணக்கான படைப்புகள் கரைந்து போச்சு, யாருடையது எது என்று தெரியலை.

காலி ஃபைல்கள்

கிளம்புவதற்கு முன் இன்னொரு படைப்பு பற்றிச் சொல்லியே ஆகணும். ப்ரூக்ளினில் வாழும் நைஜீரிய - அமெரிக்க ஆர்ட்டிஸ்ட் மிமி ஒனுவோஹா, 2016-ல் செய்தது: 'காணாமல் போன தரவுகளின் நூலகம்'. பார்க்க சாதாரண இரும்பு ஃபைல் அலமாரி. இழுத்தால், தலைப்பு ஒட்டிய ஃபோல்டர்கள் வரிசையாக இருக்கும். காவல்துறையோடு நடந்த மோதல்களில் இறந்த பொதுமக்கள், குறைந்த கூலிக்கு வேலை பார்க்கும் ஆவணமில்லாத குடியேறிகள், ஏன், கலை உலகின் விற்பனை விலைகள்கூட! ஃபோல்டரைத் திறந்தால் ஒன்றும் இருக்காது. காலி.

எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டே இருக்கிற ஒரு நாட்டில், இவை ஏன் எண்ணப்படவில்லை என்பதே அவர் கேள்வி. எண்ணக்கூடிய சக்தி உள்ளவர்களுக்கு எண்ண விருப்பம் இல்லாமல் இருக்கலாம். சில விஷயங்கள் எண்ணுக்குள் அடங்காமல் இருக்கலாம். சில சமயம், எண்ணப்படாமல் இருப்பதே அந்த மக்களுக்குப் பாதுகாப்பாகவும் இருக்கலாம் என்கிறார். ஆவணமில்லாத தொழிலாளியின் பட்டியல் தப்பான கையில் கிடைத்தால் என்ன ஆகும், யோசிங்க.

டேட்டா சயின்ஸ் லேபில் நமக்கு முதல் பாடம் என்ன? காலியான வரிகளைத் தூக்கு. ஒரே ஒரு கமாண்டு, 'டிராப் என்ஏ'. அரை செகண்டில் சுத்தம். அந்த அலமாரிக்கு அப்புறம், அந்த கமாண்டுக்கு முன்னாடி ஒரு கேள்வி வந்து நிக்குது: இந்தக் கட்டம் ஏன் காலி? கேட்க மறந்தாங்களா, சொல்ல பயந்தாங்களா?

போறவங்களுக்கு...

* நினைவிடக் குளங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை. கீழே உள்ள மியூசியத்துக்கு மட்டும் டிக்கெட். பெயர் எங்கே இருக்குன்னு தேட அங்கேயே மின் பலகைகள் உண்டு. வடக்குக் குளம் என்றால் என், தெற்கு என்றால் எஸ், கூடவே பலகை எண். பெயருக்குள் வெள்ளை ரோஜா செருகியிருந்தால் அன்று அவருக்குப் பிறந்தநாள்.

* விட்னி மியூசியத்தில் 2024 டிசம்பரிலிருந்து 25 வயது வரை எல்லாருக்கும் இலவசம். வயசு ப்ரூஃப் எடுத்துட்டுப் போங்க. ஹாக்கேயின் படைப்பு எப்போதும் மாட்டியிருக்காது. முன்னாடியே விசாரிச்சுக்கோங்க.

* பனோரமாவுக்கு ஒரு மணி நேரம், பிள்ளையார் கோயில் தோசைக்கு ஒரு மணி நேரம். எதையும் குறைக்காதீங்க!

போகாதவங்களுக்கு...

பிளைட் டிக்கெட் தேவையே இல்லை. ஒரு வாரம், ஒரே ஒரு விஷயம். ஹாஸ்டலில் யார் யார் அம்மாவுக்கு போன் பண்ணினாங்க, கிளாஸில் யார் கேள்வி கேட்டாங்க, யார் கேட்க வந்து வாயை மூடிக்கிட்டாங்க, காரிடாரைப் பெருக்குற அக்காவுக்கு எத்தனை பேர் வணக்கம் சொன்னாங்க... எதுவா இருந்தாலும் சரி. கையால் எண்ணுங்க. கலர் பென்சிலில் வரைங்க. உங்களுக்குத் தெரியாத இடத்தைக் காலியாக விட்டு, 'காலி' என்றே எழுதுங்க. மறைமுகமாக யாரையாவது காட்டிக் கொடுக்குமானால் அந்தப் பெயரை எடுத்துடுங்க. முடிச்சதும் கம்ப்யூட்டரில் சேமிக்காமல், ஒரே ஒருத்தருக்கு தபாலில் அனுப்புங்க.

அட்டையின் மறுபக்கத்தில் முகவரி எழுதும்போது தெரியும், டேட்டா என்பது யாரோ ஒருத்தருடைய பெயர் என்று!